பாத அளவு

அவுலியிலிருந்து வந்த படிவத்தில்
பதின்மூன்றாவது கேள்வி:
பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில்.
செருப்புக் கடையில் ஆறு, ஏழு என்றே
சொல்லிப் பழகிய நாங்கள் நால்வரும்
மதியச் சாப்பாடு முடிந்த கையோடு
அரசரடி மின்வாரிய அலுவலகப் பின்னறையில்
பழைய பேரேட்டுத் தாளொன்றைக் கிழித்துத்
தரையில் விரித்தோம்.

ஒச்சம்மாள்தான் முதலில் ஏறி நின்றாள்.
பென்சில் சுற்றி வரக் கூசியது அவளுக்கு.
குதிகால் வெடிப்பில் முனை சிக்கிக்
கோடு ஓரிடத்தில் துள்ளியது.
இருபத்திரண்டரை என்றேன்.
"இம்புட்டுத்தானா?" என்றாள்,
உசிலம்பட்டி பஸ்ஸில் பதினெட்டு வருஷம்
நின்றுகொண்டே வந்த காலைப் பார்த்து.

அடுத்த கேள்வி, பனியில் முன் அனுபவம்.
மார்கழியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு
யானைக்கல் பாலம் தாண்டுவது
அதில் சேருமா என்றாள் பல்கீஸ்.
நம் பனி தலையில் இறங்கித் தடுமன் பிடிக்கும்.
அவர்கள் பனி காலடியில் கிடக்கும்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எவ்வளவு தூரம்தான் போவது.
இல்லை என்று எழுதினேன், நான்கு முறை.

உருது தெரிந்த பல்கீஸே
பயிற்சியாளரிடம் போனில் பேசினாள்.
முதல் இரண்டு நாள்
விழுவதற்குத்தான் பாடமாம்.
பக்கவாட்டில் விழ வேண்டும்,
கையை ஊன்றக் கூடாது,
எழும்போது பனிக்கட்டைகள்
சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும்.
"விழுறதுக்குமா காசு?
மீட்டர் பார்க்கப் போன வீட்டுப் படியில
எத்தனை தடவை சும்மாவே விழுந்திருக்கேன்!"

பதினாறு மாதச் சீட்டு. ஆளுக்கு இரண்டாயிரம்.
விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில்
கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கென்று
தொங்கவிட்டிருந்த ஜாக்கெட்டுகள்,
நாலு எடுத்ததால் ஐந்து சதவீதம் தள்ளுபடி.
தாங்குமா என்றால் கடைக்காரர்
"இங்க எப்படிம்மா சொல்றது?" என்று
மின்விசிறியைப் பார்த்தார்.

சித்திரை வெயிலில் எங்கே போய்ச் சோதிப்பது?
மாட்டுத்தாவணிக்குப் பின்னால்
மொக்கராசுவின் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது.
அவர் கட்டும் மின்கட்டணம்
யூனிட் கணக்கோடு எனக்கு மனப்பாடம்.
என்ன வேலையாக வந்திருக்கிறோம் என்று சொன்னதும்
பயம் தெளிந்து சிரித்துவிட்டார்.

முன்னறையில் இமாசல ஆப்பிள் பெட்டிகள்.
அவை இறங்கி வந்த திசையில்தான்
நாங்கள் ஏறப் போகிறோம்.
பின்னறையில் உறைந்த பட்டாணி, மைனஸ் பதினெட்டு.
பத்து நிமிஷம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஒச்சம்மாள் வாய் திறந்தாள்,
சொல் வெள்ளையாக வெளியே வந்தது.
கருப்பசாமி என்றுதான் சொல்லியிருந்தாள்.
பிறகு நாங்கள் எதையெதையோ சொன்னோம்,
பிள்ளைகள் பேரை, பிரிவு அலுவலர் பேரை,
கெட்ட வார்த்தை ஒன்றைக்கூட,
எல்லாம் புகையாக நின்று கலைந்தன.
ஜோசபின் எதுவும் சொல்லவில்லை.
மூச்சை மட்டும் விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ரொம்ப மெதுவாக,
யாரிடமோ கடன் வாங்கிய மூச்சு போல.
கதவு திறந்த பிறகும் கடைசியாகத்தான் வந்தாள்.

வெளியே நாற்பத்தொரு டிகிரி.
பல்கீஸின் கண்ணாடி மூடிக்கொண்டது.
துடைக்காமலே நடந்தாள்,
லோடு ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கியது.

மறுவாரம் ஜோசபின்,
"நான் வரலை, சீட்டுப் பணம் மெதுவாக் கொடுங்க" என்றாள்.
காரணம் சொல்லவில்லை.
கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.
ஜாக்கெட்டை மட்டும் திருப்பித் தரவில்லை அவள்.

பாதங்கள் வரைந்த தாளைப் படமெடுத்து
நான் முன்பே அனுப்பியாகிவிட்டது.
அவளுடையது ஓரத்தில், சற்றுச் சாய்வாக,
இருபத்து நான்கு.
நேற்றுப் பதில் வந்தது:
நாலு ஜோடி எடுத்து வைத்திருக்கிறோம்.

இன்னும் திருத்தி எழுதவில்லை.
தை பிறக்க நாள் இருக்கிறது.