சளிவிடு தூது

மேகத்தைத் தூது விட்டவர்கள் உண்டு,
கிளியை, நெஞ்சை, தென்றலை.
லெசோத்தோ மலையில்
செவ்வாய்தோறும்
சளியை விடுகிறார்கள்.

நீல மூடி போட்ட ஒன்பது குப்பிகள்
குளிர்பெட்டிக்குள்.
பெட்டி ராமகாட்ஸாவின் முதுகில்,
ராமகாட்ஸா செராமேயின் முதுகில்.
செராமே என்றால் உறைபனி.
குதிரைக்கு அப்படிப் பெயர் வைத்தவன்
அதை ஜூன் மாதத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

ஆய்வகம் ஐந்து மணி நேரம் கீழே.
இரண்டு ஆறு, ஒரு கணவாய்.
கணவாயில் கம்பளி போர்த்திய ஆட்டுக்காரப் பையன்
ஒவ்வொரு வாரமும் கேட்பான்,
"இன்னைக்கு யாரோடது?"
பெயர் குப்பியில் இருக்கிறது.
வாயில் இருக்கக் கூடாது.

செக்கொன்யானாவின் சீட்டு மட்டும்
மூன்று வாரமாய்
ஒரே சொல்லோடு திரும்பி வருகிறது:
எச்சில்.

பதினாறு வருடம்
வெல்கொம் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவன்.
பொன் அங்கேயே நின்றுவிட்டது,
தூசி மட்டும் கூட வந்தது.
ராத்திரியில் சட்டையைப் பிழிகிறான்,
இடுப்பு வாரில் நான்கு புதுத் துளை.
இருந்தும் நாக்கு நுனியிலிருந்து
தெளிவாய், நுரையாய்,
ஒன்றையும் காட்டிக் கொடுக்காததைத்
துப்பித் தருகிறான்.
வாயால் சொல்லும் பொய் நமக்குத் தெரியும்.
வாயால் துப்பும் பொய்யும் உண்டு.

நான்காம் செவ்வாய்
ராமகாட்ஸா குதிரையை விட்டு இறங்கினான்.
"வெளியே வா."
காற்று தன் முதுகில் அடிக்கும் பக்கம் பார்த்து நின்றான்.
"வாயைக் கொப்பளி. மூச்சை இழு. பிடி.
இன்னொரு தரம்.
இப்போ சுரங்கத்தோட அடித்தட்டுலேர்ந்து இருமு."

செக்கொன்யானா இருமவில்லை.
"தெரிஞ்சுபோச்சுன்னா
சின்னவனை என் மடியிலேர்ந்து எடுத்துருவாங்க."

"தெரியாமலே அவனுக்குக் கொடுத்துட்டிருக்கலாம்."

குதிரை பனியைக் கிளறி
இல்லாத புல்லைத் தேடியது.
பிறகு வந்தது,
கெட்டியாய், பழுப்பாய்,
ஓர் இழை சிவப்போடு.
மூடியைத் திருக
இரண்டு பேருடைய கையும் வேண்டியிருந்தது.

அவனுக்கு ஆறு மாதம் மாத்திரை.
சின்னவனைச் சோதித்தார்கள், நோய் இல்லை.
வராமலிருக்க அவனுக்கும் மூன்று மாதம்,
தண்ணீரில் கரையும், பழவாசனை.
விழுங்குவதைப் பார்க்க
பக்கத்து வீட்டு மாமொக்கேதே.

ஜன்னலுக்குத்தான் பெரிய சண்டை.
ஆணி அடித்து, இடுக்கில் செய்தித்தாள் திணித்து
மூடியிருந்தார்கள்.
"திறந்தா குளிர்ல சாவோம்."
"மூடினா?"
கடைசியில் வெயில் ஏறும் நேரம் திறப்பதென்று முடிவாகி
சட்டத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்தார்கள்.

முதல் வாரம்
பனியின்மேல் ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர்.
ரத்தம் என்று அலறி ஓடி வந்தான்.
மாமொக்கேதே தலை திருப்பாமல் சொன்னாள்,
"மருந்து உள்ளே போய் வந்ததுக்கு ரசீது."

செப்டம்பரில் பசித்தது. ரோமம் கத்தரிக்கும் காலம்.
நோய் போய்விட்டதென்று
அவனே முடிவு செய்து ஒன்பது நாள் விட்டான்.
பத்தாம் நாள் கத்தரிப்புக் கொட்டகைக்குள்
மாமொக்கேதே வந்து நின்றாள்,
ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தகரக் குவளை.
நாற்பது பேர் பார்க்க விழுங்கினான்.
பாதி கத்தரித்த ஆடும் பார்த்தது.

ஜனவரியில் கடைசிக் குப்பி.
கொப்பளித்தான். இழுத்தான். பிடித்தான்.
இருமினான்.
மலை திருப்பி இருமியது.
மறுபடி. மறுபடி.
குப்பியில் விழுந்தது
தெளிவாய், நுரையாய்.

பயந்து நிமிர்ந்தான்.
"சத்தியமா அவ்வளவுதான் வருது."
ராமகாட்ஸா ஒன்றும் சொல்லாமல்
மூடியைத் திருகினான், ஒரே கையால்.

அடுத்த செவ்வாய் சீட்டு வந்தது.
அதே கையெழுத்து, அதே ஒரு சொல்.
அதன் கீழே: எடை பார்க்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் நேரில் வரவும்.

செக்கொன்யானா அதை நான்காய் மடித்து
ஜன்னல் கல்லுக்கு அடியில் வைத்தான்.
காற்று ஓரத்தைப் பிடித்து
இழுத்துக்கொண்டிருந்தது.