இரண்டு வருடம் இடிக்கிறது

பொத்தோங் பாசிரில்
சரிந்த கூரை புளோக், ஒன்பதாம் மாடி.
இன்னும் ஐம்பத்தெட்டு வருடம் இருக்கிறது என்றார்
முகவர் செரில் இயோ,
பால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்ப்பவர் போல.

எனக்கு முப்பத்தைந்து. கூட்டினேன்.
தொண்ணூற்று மூன்று.
மசேநிதிக் கணக்குப்படி நான்
தொண்ணூற்றைந்து வரை இருந்தாக வேண்டும்.
இரண்டு வருடம் இடிக்கிறது,
பணம் முழுசாக வராது.

செழியனால் சிக்கலில்லை.
நான்கு வயது மூத்தவன்.
"உனக்குத்தான் ஆயுசு கெட்டி" என்று சிரித்தான்.
செரிலுக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மதியம் தெலுக் குராவ்.
ஃப்ரீஹோல்டு. நானூற்று அறுபது சதுர அடி.
கட்டில் போட்டால் அலமாரிக் கதவு திறக்காது,
என்றென்றைக்கும் திறக்காது.
பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் என்றார் செரில்.
எங்களுக்கு இன்னும் பிள்ளையே இல்லை.
மின்தூக்கியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன்:
கூட்டு விற்பனை,
அறுபத்தெட்டு சதவீதம் கையெழுத்துப் போட்டாயிற்று.
எண்பதைத் தொட்டால்
என்றென்றைக்கும் என்பதையும்
பெட்டி கட்டிக் காலி செய்ய வேண்டும்.

எங்கள் கல்யாணத்தில்
மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாத ஒருவர்
ஆயிரங்காலத்துப் பயிர் என்று வாழ்த்தினார்.
இந்த ஊரில்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகையும் உண்டு.
விலையைப் பார்த்தோம்.
பயிரை வேறெங்காவது வளர்த்துக்கொள்ளலாம்.

இரவு தூக்கமில்லை.
அந்த இரண்டு வருடத்தில் நான் எங்கே இருப்பேன்?
தொண்ணூற்று மூன்றாம் பிறந்தநாள் முடிந்த கையோடு
சாவியை எந்த முகப்பில் நீட்டுவேன்,
வரிசை எண் எடுக்க வேண்டுமா,
கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்து
மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு
யாருக்குப் போன் செய்வேன்?
செழியனுக்கு அப்போது தொண்ணூற்றேழு.
இருப்பானா என்று
எந்தப் படிவமும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

விடிகாலையில் அந்தச் சமையலறை ஞாபகம் வந்தது.
குழாயடியில் நானும் அடுப்படியில் அவனும்
முதுகு முட்டாமல் நின்றோம் நேற்று,
ஏதோ ஏற்கெனவே குடியிருப்பவர்கள் போல.
அவன் மசாலா டப்பாவுக்கு இடம் கூடப் பார்த்துவிட்டான்.

தொண்ணூற்று மூன்று வயதுக்காரியை
எனக்கு அறிமுகமில்லை.
கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள்.
பார்த்துக்கொள்வாள்.

முன்பணம் ஆயிரம் வெள்ளி அனுப்பினேன்.
செரில் உடனே அழைத்தார்.
ஏதும் கேட்க வேண்டுமா என்றார்.

துணிக்கழி செருகும் குழாய் இரண்டு துருப்பிடித்திருக்கிறது,
மாற்றித் தரச் சொல்லுங்கள் என்றேன்.