டபுள் புரமோஷன்

டின் ஃபேக்டரி பாலத்தில் லாரிகள் மட்டும்.
மணி ஒன்றரை.
லேப்டாப்புக்குள் என் பேஸ்பால் அணி.

இபார்ரா, பத்தொன்பது வயது, இடக்கைப் பந்துவீச்சாளன்.
கடைசி லீகில் எல்லாரையும் சுருட்டினான் என்று
இரண்டு படி தாண்டி ஏற்றினேன், ஏப்ரலில்.
ஜூனுக்குள்
ஐம்பத்தைந்தாக இருந்த கட்டுப்பாடு நாற்பத்தொன்று.
அடி வாங்குகிறவனுக்கு இங்கே முகம் கிடையாது,
எண் சிவப்பாகும், அவ்வளவுதான்.

நான் மூன்றாம் வகுப்பிலிருந்து நேரே ஐந்துக்குப் போனவன்.
அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.
நாலில் சொல்லித்தந்த நீள் வகுத்தல் இன்னும் வராது;
பில்லைப் பிரிக்கும்போதெல்லாம் கழிவறைக்குப் போய்விடுவேன்,
பிரஜ்வல் கணக்குப் போட்டு முடிக்கும்வரை.

இபார்ராவைக் கீழே இறக்கிச் சேமித்தேன்.
மனநிலை: வருத்தம்
என்றது சின்ன எழுத்தில்.

இருக்கட்டும்டா.
நாலாம் வகுப்பைப் படி,
முழுசா.