ழகரத்தின் வால்

உசிலம்பட்டி, பேரையூர் ரோடு.
ஸ்டூடியோவில் எனக்கு மூன்று வேலை:
கல்லாவைப் பார்ப்பது, ஆல்பத்துக்குப் படம் அடுக்குவது,
எழுதி முடித்த சிடி ஆறியதும் மேலே பெயர் எழுதுவது.
மூன்றாவது, கையெழுத்து நல்லா இருக்கு என்பதற்காக.

அன்றைக்கு மார்க்கர் வறண்டுவிட்டது.
முகூர்த்த நாள். வாசலில் நாலு பேர்.
பில் புத்தகத்தில் கட்டியிருந்த பால்பாயிண்ட் பேனாவை
நூலோடு இழுத்தேன்.
வழவழப்பில் மை பிடிக்கவில்லை.
அழுத்தினேன்.
‘கழுவன் இல்லக் காதணி விழா.’
ழகரத்துக்கு வால் சுழித்தால் எனக்கொரு திருப்தி.
விளிம்பு வரைக்கும் சுழித்தேன்.

இரண்டு வருடம் கழித்து அதே சிடியோடு கழுவன் வந்தார்.
பின்னாலேயே ஒச்சப்பன்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
மொய் நோட்டில் சரியாக அந்த வரியில் பாயாசம்.
வாங்கியவர் சொல்கிறார், ஐநூற்று ஒன்று.
போட்டவர் சொல்கிறார், ஐயாயிரத்து ஒன்று.
வெள்ளிக்கிழமை ஒச்சப்பன் வீட்டு விசேஷம்,
திருப்பிச் செய்தாக வேண்டும்.
‘மைக்குல சொன்னது இதுல இருக்கும்ல? போடு தாயி.’

போட்டேன்.
தாய்மாமன் சீர் வந்தது. மாலையோடு கிடாய் வந்தது.
பிள்ளை வீறிட்டது.
ஜிகினா இதயம் ஒன்று காரணமில்லாமல் சுற்றிவிட்டுப் போனது.
பந்தி. மொய் மேசை.
‘கருமாத்தூர் ஒச்சப்பன் அவர்கள்
ஐ
ஐ
ஐ’

கட்டம் கட்டமாக உடைந்து நின்றது ஒரு கை.
விரலிடுக்கில் ஒரு தாளா, பத்துத் தாளா,
கட்டங்களுக்கே தெரியவில்லை.
மைக்காரருக்கு அன்று பார்த்து சுத்தத் தமிழ்.
அஞ்சாயிரம் என்று ஊர் வாயில் சொல்லியிருந்தால்
அதுவா இதுவா என்றாவது தெரிந்திருக்கும்.

சிடியை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
வெள்ளியில் முடி மாதிரி ஒரு வெளிச்சம்,
வளைந்து, விளிம்பு வரை.
என் ழ.

அடிப்பக்கம் பளபளக்கிறது, அதைத்தான் பொத்திப் பொத்திப் பிடிப்போம்.
மேல்பக்கத்தை முதுகு என்று நினைத்திருந்தேன்,
எதையும் தாங்கும் என்று.
பதிந்ததெல்லாம் அந்த முதுகுத்தோலுக்கு அடியிலேயே இருக்கிறது.
நடுவில் ஒரு பூச்சு. அவ்வளவுதான்.

‘நான்தாண்ணே அழுத்திட்டேன்’ என்றேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.
ஒச்சப்பன்: ‘ஆத்தா, நாலாயிரத்து ஐநூறு ரூவாய
ஒத்த எழுத்துல அழிச்சிட்டியே.’
கழுவன்: ‘அப்ப மிச்சம் ஐநூறுன்னு நீயே ஒத்துக்கிட்ட.’
வெள்ளிக்கிழமை என்ன ஆனது, தெரியாது.
அந்த விசேஷத்துக்கு வேறு ஸ்டூடியோ.

இப்போது பேனாவின் நூலை அறுத்து வேறிடத்தில் கட்டிவிட்டேன்.
ஸ்பிரிட் நெடி அடிக்கும் மார்க்கரும் வேண்டாம், ஊறி இறங்கும்.
வட்ட ஸ்டிக்கரும் வேண்டாம்,
செக்கானூரணியில் ஒரு ப்ளேயருக்குள் அது உரிந்தபோது
வெள்ளியையும் கூட்டிக்கொண்டு வந்தது.
மெத்தென்ற முனை, தண்ணீர் மை.
ஓட்டையைச் சுற்றி, எதுவும் பதியாத
கண்ணாடி வளையத்தில் ஓர் எண் மட்டும்: 312.
தூங்குகிற பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற அழுத்தம்.

பெயர், ஊர், விசேஷம் எல்லாம் காகித உறையில்.
அங்கே என் ழகரம்
விளிம்பு தாண்டி, மேசை வரைக்கும் போகும்.