கேட்பது முப்பது

எத்தேரி வண்டியை அணைக்காமலே இறங்கினாள்.
"கேள்" என்றாள்.
கேட்டேன். சீராகத்தான் உறுமியது.
நின்றால் ஒன்றுமில்லை, மேட்டில்தான் வினை,
ஜ்வாரி கணவாய் தொடங்கியதும்
நாலு பயணிகளுக்கே
நனைந்த மூட்டை தூக்கியவன்போல் இளைக்கிறது,
வைக்கோல் டிராக்டர் முந்திப்போகிறது,
டிராக்டர், நுக்ஸார்!

அமெரிக்காவில் எதன்மீதோ மோதி
போத்தித் துறைமுகத்தில் கரையிறங்கி
ஒரு விளக்கு மஞ்சளாய் ஒரு விளக்கு வெள்ளையாய்
ருஸ்தாவிக்கு வந்து சேர்ந்த வண்டி.
டாஷ்போர்டுக்குள் மூன்று பட்டறைகளின் ரசீது.
சென்சார், நூற்றுப்பத்து லரி.
பிளக்குகள், அறுபது.
மூன்றாமவன் எஞ்சினையே மாற்றச் சொல்லி
அதைச் சொன்னதற்கு இருபது வாங்கியிருந்தான்.

ஸ்கேனரைச் செருகினேன்.
பூஜ்ஜியம் பூஜ்ஜியம் பன்னிரண்டு:
கேம்ஷாஃப்ட் பிந்துகிறது.
எண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
யார் பிடித்து இழுக்கிறார்கள் என்று அது சொல்லாது.

சிமெண்ட் ஆலைக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில்
அவள் மிதித்தாள், நான் திரையைப் பார்த்தேன்.
கேட்பது முப்பது பாகை. கிடைப்பது ஒன்பது.
இன்னும் மிதி.
கேட்பது முப்பது. கிடைப்பது ஒன்பது,
பத்து,
ஒன்பது.

வால்வு எப்போது திறக்க வேண்டுமென்பதை
முன்னும் பின்னும் நகர்த்துவது எண்ணெய்.
வெறும் எண்ணெய், அதன் அழுத்தம்.
ஆகவே எண்ணெயின் வழியே நடந்தேன்.
அளவுகோலில் தேன் நிறம்; இவள் அதில் ஏமாற்றுகிறவள் இல்லை.
சோலனாய்டைக் கழற்றிப் பேட்டரியில் தொட்டேன்: டக்.
எடுத்தேன்: டக்.
ஏழு ஓம். குற்றமற்றவன்.
செயின் குறிகள் நேருக்கு நேர்.

மிச்சம் ஒரு போல்ட்.
எஞ்சின் தலையின் பக்கவாட்டில்,
யாரும் கை வைக்காத இடத்தில்.
அதன் பின்னால் கட்டைவிரல் நகமளவு வலை,
எண்ணெயை வடிகட்டி அனுப்பும் வலை.
சாமணத்தால் இழுத்தேன்.
கண்கள் முழுக்க அடைத்துக்கொண்டு
ஆரஞ்சு நிறத் துணுக்குகள்.
ரப்பர்போல் நசுங்கின.

ஆரஞ்சு.

போன வருஷத்துக்கு முந்தின பிப்ரவரி
சாம்பல்நிறப் பசை எங்கும் கிடைக்காமல்
மார்னெவுலியில் ஒரு கடையில்
யாரும் வாங்காத நிறத்தில் ஒரு பெட்டி வாங்கினேன்.
அதே மாதம் இதே வண்டி,
முன்மூடியில் எண்ணெய்க் கசிவு.
இனி ஒழுகவே கூடாதென்று
தாராளமாகப் பிதுக்கியிருக்கிறேன்.
வெளியே வழிந்ததைத் துடைத்தேன், நினைவிருக்கிறது.
உள்ளே வழிந்ததை யார் பார்த்தார்கள்?

பெட்ரோலில் அலசி மாட்டப் பத்து நிமிடம்.
திரும்ப அதே ஏற்றம்.
கேட்பது முப்பது, கிடைப்பது முப்பது.
அவள் ஹாரன் அடித்தாள், சும்மா,
எதிரே ஒரு மாடுகூட இல்லை.

"என்னதான் இருந்தது?"
"அடைப்பு."
"எதனால்?"
பெட்ரோல் நாறும் கையைத்
துடைத்த துணியாலேயே மறுபடி துடைத்தேன்.
"என்னால்."

இறங்கினாள். மூன்று ரசீதுகளையும்
என் மேசைமேல் விரித்து
பறக்காமலிருக்க
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரை மேலே வைத்தாள்.
தொகையைச் சொல்லவில்லை. எனக்குக் கூட்டத் தெரியும்.

வண்டியில் ஏறியவள் கண்ணாடியை இறக்கினாள்.
"அந்த ஆரஞ்சு இன்னும் இருக்கிறதா?"
"ரெண்டு டியூப்."
"கொடு.
குளியலறையில் குழாய் ஒழுகுகிறது."