வந்தபோது இருந்த மாதிரி

முன்பணம் இருபத்தையாயிரம்.
சுவர் வந்தபோது இருந்த மாதிரி இருந்தால்
முழுசும் தருவதாகப்
பாறசாலையிலிருந்து சசிதரன் சார் போனில் சொன்னார்.
வந்தபோது எப்படி இருந்தது என்று
அவருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை.
காலண்டரைக் கழற்றினேன்.
அதன் பின்னால் ஒரு செவ்வகம்
இளம்பச்சையாக நின்றது.
ஓ, இதுதானா.

ஒன்பது வருடம் ஏத்தங்காய் சிப்ஸ்.
களியக்காவிளைச் சந்தையில் குலை மலியும் நாட்களில்
நாளுக்கு நான்கு உருளி.
கிளாடிஸ் சீவிப் போட்டு உப்புத்தண்ணீர் தெளிப்பாள்.
எண்ணெய் சீறும்.
அத்தனை சீறலும் எங்கேயாவது
போய் உட்கார்ந்திருக்க வேண்டுமே,
இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.
விரல் வைத்தால் ஒட்டுகிறது.
நடுவில் ஒரு கொசு, இறக்கை விரித்தபடி,
எந்த வருடத்துக் கொசுவோ.

அடுப்பையும் உருளியையும் ஏற்றிக்கொண்டு
படந்தாலுமூட்டுப் புது வீட்டுக்கு
அவள் நேற்றே போய்விட்டாள்.
போகும்போது முறை சொன்னாள்.
வெந்நீர், கை பொறுக்கிற சூடு.
பாத்திர சோப்பு ஒரு மூடி.
கம்பி நார் கூடாது, டிஸ்டம்பர், மாவாக உதிரும்.
கீழேயிருந்து மேலே துடைக்க வேண்டும்.
மேலேயிருந்து வந்தால் அழுக்கு வழிந்து கோடு விழும்,
அந்தக் கோடு பிறகு போகாது.

நான் மேலேயிருந்து ஆரம்பித்தேன்.

மூன்று கோடு விழுந்த பிறகு
கீழேயிருந்து.

ஒரு கை அகலம் துடைத்தால்
அந்தக் கை அகலம்தான் இப்போது கறை.
சுற்றிலும் மஞ்சள், நடுவில் சுத்தம்,
பார்க்கவே அசிங்கமாக இருந்தது.
அதை மறைக்க அடுத்த கை அகலம்,
அதை மறைக்க அதற்கடுத்தது.
சுவிட்சுப் பலகை ஓரத்துக்குச்
சோடா மாவைக் குழைத்துப் பழைய பல்துலக்கியால்.
வெளியே திருவனந்தபுரம் பஸ்
திரும்புவதும் கூவுவதும் திரும்புவதுமாக இருந்தது.
வாளித் தண்ணீரில் எண்ணெய்
கண் கண்ணாக மிதந்தது.

மதியம் தாண்டித்தான் பார்த்தேன்,
புறவாசல் கதவை ஒட்டிய சுவரில்,
எந்தச் சீறலும் எட்டாத தூரத்தில்,
தரையிலிருந்து இரண்டரை அடியில்
ஒரு வட்டம். சின்னத் தட்டு அளவு,
நடுவில் கறுத்து, ஓரத்தில் தேய்ந்து.
தலை எண்ணெய்.
பக்கத்தில் உட்கார்ந்து அளந்தேன்,
என் தலை அரைச் சாண் மேலே நின்றது.

காலையில் ஆட்டோ எடுத்தால் இரவு ஒன்பதுக்கு வருவேன்.
வரும்போது அவள் நின்றுகொண்டிருப்பாள்.
ஒன்பது வருடத்தில் அவள் இந்த அடுக்களையில்
உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அடுப்புச் சுவரில் இருப்பதும் தேங்காயெண்ணெய்,
இதுவும் தேங்காயெண்ணெய்.
சோப்புக்கு வித்தியாசம் தெரியாது.
ஆனால் இது ஊறிப்போயிருந்தது, சோப்புக்கு வரவில்லை.
மலையாளப் பேப்பரை மடித்து வைத்து
இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் ஒற்றினேன்.
பேப்பர் குடித்தது.
குடித்த இடம் கண்ணாடியாகி
பின்பக்கத்து எழுத்துகள் இப்பக்கம் வந்து
ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.
ஏழாவது தாளில் வட்டம் வெளுத்தது.

போன் செய்தேன்.
"நீ பொறவாசல் பக்கம் உக்காருவியா?"
"இப்பம் என்னத்துக்கு அது?"
"சுவருல உனக்க தலை பட்ட அடையாளம் கெடக்கு."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்.
"அது எனக்க இல்ல. நாம வரும்பமே உண்டும்.
முன்ன ஆரோ இருந்திருக்கா.
எதுக்கு வேற எடத்தயும் அழுக்காக்கணும்னு
நானும் அதுமேலயே சாஞ்சேன்."

பேர் தெரியாத அவள்
என்ன பொரித்தாளோ.
இந்த வட்டத்துக்காக
அவள் முன்பணத்தில் எவ்வளவு பிடித்தாரோ.

மறுநாள் சசிதரன் சார் வந்தார்.
மூக்கைச் சுருக்கினார், மோந்தார்,
அடுப்புச் சுவரை உள்ளங்கையால் தடவினார்,
மூன்று கோடுகளையும் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.
புறவாசல் பக்கம் போய் நின்றுவிட்டார்.
"இது எந்தா?"
தரையிலிருந்து மூன்றடியில், ஈரம் காயாத பச்சையில்,
ஒரு புது வட்டம்.
இரவு வேலை முடிந்து
எவ்வளவு நேரம் சாய்ந்திருந்தேன், தெரியவில்லை.
ஐந்நூறு பிடித்துக்கொண்டார்.
"அது எனக்கதுதான்" என்றேன்.