மாங்கா, முதல் தொகுதி

அஸ்தம்பட்டியில் ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்து
பையைத் திறந்ததும் கண்டக்டர் கேட்டார்:
என்ன புத்தகம்மா அது?
மாங்கா, என்றேன்.
சேலத்துல இருந்துக்கிட்டு மாங்காயா,
பழமா வாங்கக்கூடாதா, என்று
சில்லறையோடு ஒரு சிரிப்பையும் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று புதுத் தொடர்கள். மூன்றும் ஒன்றாம் தொகுதி.
ஐந்து ரோட்டில் லூர்துராஜ் கடையில்
சம்பளத்தன்று வாங்கியவை.
பின்னட்டையில் தொடங்கவேண்டும்,
வலமிருந்து இடம்.
எனக்கு அதில் சிரமமில்லை.
எக்ஸ்ரே எடுப்பவளுக்கு
எதிரே நிற்பவரின் வலது எப்போதும் தன் இடது.

கோரிமேடு தாண்டுமுன் முதலாவதை மூடிவிட்டேன்.
செத்தவர்களை ஏற்றிப்போகும் படகில்
டிக்கெட் கிழிக்கும் பையன்.
யோசனை நல்லதுதான். ஆனால்
எந்த வாளுக்கு என்ன சாபம்,
எந்த வாசலுக்கு எத்தனை பூட்டு என்று
நாற்பது பக்கம் விளக்கம்.
கல்யாண மண்டபத்தில் கையைப் பிடித்துக்கொண்டு
உறவுமுறை சொல்கிற பெரியப்பா மாதிரி.
முதலில் இலையைப் போடுங்கள் ஐயா.

இரண்டாவது, அடிவாரச் சோதனைச்சாவடியிலிருந்து
எட்டாவது கொண்டை ஊசி வரை.
வேலை போன ஒருத்தி
ஆறு பக்கம் அரிசி கழுவுகிறாள்.
பேச்சில்லை. தண்ணீர் கலங்கி, தெளிந்து, கலங்கி.
ஒவ்வொரு கட்டத்தையும் ஃபிரேம் போட்டு மாட்டலாம்.
எல்லோரும் இதைத்தான் கொண்டாடப் போகிறார்கள், தெரியும்.
நான் காலை நாலரைக்கு
அதே அரிசியைக் கழுவிவிட்டு வந்திருக்கிறேன்,
என்னை யாரும் வரையவில்லை.
கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் தூக்கம்.
ஒன்பதாவதில் பஸ் பின்வாங்கித் திரும்ப
யாரோ வாந்திக்குக் கவர் கேட்டார்கள்.

மூன்றாவது சுத்த மாங்கா மடத்தனம்.
மாடிக்கு மாடி தாவி பார்சல் கொடுக்கும் பெண்கள்.
தட்டளவு கண், மூக்கே இல்லை.
எல்லோரும் கத்துகிறார்கள்,
சோற்றைக்கூடக் கத்திக்கொண்டே தின்கிறார்கள்.
பைக்குள் வைக்கப் போனேன்.
நூற்று முப்பத்தோராம் பக்கத்தில்
அந்தக் குட்டைமுடிக்காரி விழுகிறாள்.
எழுகிறாள்,
வலது கையால் இடது முழங்கையைத் தாங்கியபடி,
தோள் ஒரு விரற்கடை இறங்கி,
தலை அந்தப் பக்கமே சாய்ந்து.

காறையெலும்பு.
கட்டத்தில் ஒரு எழுத்தில்லை.
அவ்வளவு கத்தியவள் வாயை மூடியிருக்கிறாள்.
இதை வரைந்தவர் ஒருநாள் விழுந்திருக்கவேண்டும்,
இல்லை, விழுந்தவர் பக்கத்தில்
டோக்கனோடு உட்கார்ந்திருக்கவேண்டும்.
இனி அவர் என்ன மடத்தனம் செய்தாலும்
கூடவே போவேன்.

ஏற்காட்டில் மூடுபனி.
பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார்.
மிளகு பறிக்க சில்வர் ஓக்கில் சாத்திய
ஏணியிலிருந்து விழுந்தவர், பெயர் சடையன்.
அதே தாங்கல், அதே சாய்வு.
மூச்சைப் பிடிங்க.
விடுங்க.
கவரில் போட்டுப் பெயரெழுதி
கீழே சேலத்துக்கு அனுப்பியாயிற்று.

பதினோரு வருஷமாக இதுதான்.
வந்தவர்களின் ஒன்றாம் தொகுதி என் கையில்.
எலும்பு கூடியதா, கோணலாகக் கூடியதா,
மறுபடி ஏணியில் கால் வைத்தாரா,
அதெல்லாம் வேறு கட்டடம்.

சாயங்கால பஸ்ஸில் சிக்னல் கிடைத்ததும்
லூர்துராஜை அழைத்தேன்.
அந்தத் தாவுற புள்ளைங்க, ரெண்டாவது இருக்கா?
அதுவா? அதையா பிடிச்சுது உங்களுக்கு?
மார்ச்ல வரும்.

இறங்கும்போது வளைவுகள்
இருபதிலிருந்து தொடங்குகின்றன,
பின்னட்டையிலிருந்து வருவதுபோல.
பதினான்கில் திடுக்கென்றது:
சடையன் படத்தில் இடது வலது குறியைச்
சரியாக வைத்தேனா?
வைத்தேன்.
வைத்திருப்பேன்.
ஒன்றாவது வளைவு வரை
மடியில் இருந்த புத்தகத்தைத் திறக்கவில்லை.